ஹயாத்தில் எழுதும் கணக்கு
(அக்குறணையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வியாபாரத்தில் தேடியதில் ஒரு பங்கை அறிவுக்கென்று ஒதுக்கியவர்கள் நிறுவிய அறக்கட்டளை இது. அதன் மேடையில் வியாபாரத்தைப் பற்றியே பேச அனுமதி கேட்டேன், கிடைத்தது. நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது வாப்பா மௌத்தான பிறகு பிள்ளைகள் கூடிச் செய்யும் வேலை அல்ல. வாப்பா ஹயாத்தோடு இருக்கும்போது, அவருடைய வாயாலும் கையெழுத்தாலும் நடக்க வேண்டிய வேலை. அது நடக்காததால் நம்மூரில் கடைகள் மட்டும் மூடப்படவில்லை. ஒரே உம்மாவின் வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போகாமல் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

அக்குறணை வியாபாரிகளின் ஊர் என்று நாட்டுக்கே தெரியும். இந்தப் பெயர் இன்று நேற்று வந்ததல்ல. கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்களில் பலர் ‘மடிகே பத்த’ என்ற போக்குவரத்துத் திணைக்களத்தில் சேவை செய்தவர்கள். பேராசிரியர் லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அவர்கள் ஓட்டிய பொதி மாடுகளின் வரிசையைத் தவளம் என்பார்கள். பாக்கும் மிளகும் மலையிலிருந்து கரைக்கு இறங்கும். உப்பும் கருவாடும் கரையிலிருந்து மலைக்கு ஏறும். அந்தத் தொழிலை மகன் எப்படிப் படித்தான்? வாப்பாவின் மாட்டுக்குப் பின்னால் நடந்து படித்தான். எந்தக் கடவையில் மழைக்காலம் இறங்கக்கூடாது, எந்த ஊரில் யாருடைய வீட்டில் தங்கலாம், யாருடைய வாக்கை நம்பிப் பாக்கை விட்டுவிட்டு வரலாம் என்பதெல்லாம் கால் நடையில் கைமாறின. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது, 1880இல் மாத்தளைக்குப் போனது. தவளத்தின் காலம் முடிந்தது. தெரு நீளத்துக்குக் கடைகள் வந்தன.

தொழில் கடைக்குள் வந்த பிறகும், பின்னால் நடந்து பார்த்துப் படிப்பது என்ற பழைய முறையையே நம்பியிருந்தோம். ஒரு வாப்பா, ஒரு கடை, கூட நிற்கும் ஒரு மகன் என்ற அளவில் அது போதுமாக இருந்தது. இன்று வாப்பாவின் கடை ஏழாம் கட்டையில், ஒரு மகன் புறக்கோட்டையில், இன்னொருவர் கட்டாரில், ஒரு மகள் டொக்டர், மற்றவர் மாவனல்லையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். பின்னால் நடக்க ஆளில்லை. வாப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் வாப்பாவின் தலைக்குள் இருக்கிறது.

ஒரு கடையில் கைமாறுவது என்ன என்று நின்று யோசித்துப் பாருங்கள். கட்டடத்தையும் சாமானையும் எவரும் எண்ணிவிடலாம். எண்ண முடியாதவைதான் கடை. பிங்கா ஓயா பெருகினால் தண்ணீர் எந்தத் தட்டு வரை வரும், எதை முதலில் மேலே ஏற்ற வேண்டும் என்பது ஒரு சொத்து. எந்த வாடிக்கையாளர் மூன்று மாதம் தாமதித்தாலும் கட்டாயம் தருவார், எவர் இனிக்கப் பேசிப் பற்றை ஏற்றிக்கொண்டே போவார் என்பது ஒரு சொத்து. கொழும்பில் மொத்த வியாபாரி ஒரு டெலிபோன் அழைப்பில் லொறியை அனுப்புகிறாரே, அந்த நம்பிக்கை எல்லாவற்றிலும் பெரிய சொத்து. அது கடையின் பெயர்ப் பலகைக்குக் கிடைப்பதில்லை, அந்த மனிதருக்குக் கிடைப்பது. அவரோடு போய்விடும். மகனை முன்கூட்டியே அழைத்துப் போய், “இனி இவருடைய வாக்கு என்னுடைய வாக்கு” என்று சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டும் தங்கும்.

வணிகமும் கணக்கியலும் கற்பித்தவன் என்பதால், மௌத்துக்குப் பிறகு கணக்குப் பார்த்துத் தரச் சொல்லிச் சில வீடுகளில் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். காசு லாச்சிக்குள் இறப்பர் பட்டி போட்ட ஒரு சின்னக் கொப்பி. நல்ல மனிதர், ஒரு நாளும் எழுதத் தவறவில்லை. ஆனால் எழுதியிருந்தது அவருக்கு மட்டும் விளங்கும் எழுத்து. “நீரெல்லை மச்சான் 3” என்று ஒரு வரி. மூவாயிரமா, மூன்று இலட்சமா, மூன்று மூட்டையா? கொடுத்ததா, வாங்கியதா? மூத்த மகன் ஒன்று சொன்னார், இளையவர் வேறொன்று சொன்னார். இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு வரியில் தொடங்கிய பேச்சு இரவு பன்னிரண்டு மணிக்கும் முடியவில்லை. உள்ளறையில் இத்தாவில் இருந்த உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வங்கிப் பிரச்சினை வந்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வியாபாரம் பெரும்பாலும் திகதி தள்ளிப் போட்ட செக்கில் ஓடுகிறது. 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, வாடிக்கையாளர் இறந்துவிட்டார் என்ற அறிவித்தல் கிடைத்ததும் அவருடைய செக்குக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் வங்கிக்கு இல்லாமல் போகிறது. வாப்பாவின் தனிப் பெயரில் கணக்கு இருந்தால், அவர் கொடுத்து வைத்த செக்குகள் எல்லாம் அந்த வாரமே திரும்பத் தொடங்கும். முப்பது வருடம் ஒரு செக் திரும்பாத மனிதருடைய பெயரில், கப்றில் மண் காய முன்பே செக் திரும்புகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்குப் போட்டு நிர்வாக அதிகாரம் எடுக்கும் வரை கணக்கைத் தொட முடியாது. அதுவரை லொறி வராது. தனிப்பெயர்க் கடை சட்டத்தின் கண்ணில் அந்த மனிதரேதான். அவர் இல்லையென்றால் கடையும் இல்லை.

“எங்களுக்குள் கூட்டு வியாபாரம்தானே, மகன்மாரும் பங்காளிகள்தானே” என்று பலர் சொல்வார்கள். வாய்ப்பேச்சில். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு என்ன சொல்கிறது? கூட்டின் முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டால், அந்த உடன்படிக்கை எழுத்தில், கையெழுத்தோடு இல்லாவிட்டால் சட்டத்தில் செல்லாது. அந்த நாளில் ஆயிரம் ரூபா பெரிய முதல். இன்று அது ஒரு மூட்டை சீனிக்கும் காணாது. ஆகவே, எழுத்தில் இல்லாத எந்தக் குடும்பக் கூட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு வாப்பாவோடு நின்று கடையை இரண்டு மடங்காக்கிய மகன், தம்பிமாருடன் பிணக்கு வந்த நாளில் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நிற்கிறார்.

சட்டத்தை விடுங்கள். நம் மார்க்கம் இதை எவ்வளவு முன்பே சொல்லிவிட்டது! குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்கிறது, சாட்சி வைக்கச் சொல்கிறது, சின்னத் தொகை பெரிய தொகை என்று பார்த்து எழுத அலுக்க வேண்டாம் என்கிறது. இந்த வசனத்தை ஓதத் தெரிந்த ஊர் நம்முடையது. ஆனால், வாப்பாவிடம் போய் “எழுதித் தாருங்கள்” என்று ஒரு மகன் கேட்டால், “என்னை மௌத்தாக்கப் பார்க்கிறாயா?” என்று கேட்கும் ஊரும் நம்முடையதுதான். அதனால்தான் எழுதும் கடமை வாப்பாவுடையது என்கிறேன். மகன் கேட்பது அழகில்லை. வாப்பா தானாகக் கூப்பிட்டுச் சொல்வதுதான் அழகு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் மௌத்தாகிறார். பெற்றோர் ஏற்கெனவே இல்லை. மனைவி, மூன்று ஆண், இரண்டு பெண். கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றிய பிறகு மிஞ்சும் சொத்தை 64 பங்காக்குங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று: 8. மிச்சம் 56. ஆண் ஒவ்வொருவருக்கும் 14, பெண் ஒவ்வொருவருக்கும் 7. இது நிஸா அத்தியாயத்தின் கணக்கு. வஸிய்யத்து எழுதாமல் மரணித்த முஸ்லிமுக்கு அவருடைய மத்ஹபின் சட்டமே பொருந்தும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. இனிப் பாருங்கள். கல்லாவில் உட்காரும் மகனுக்குச் சொந்தம் 64இல் 14. மீதி 50 பங்கு, கடையில் நிற்காதவர்களுக்குச் சொந்தம். அவர் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போது, பிறருடைய அமானிதத்தைத் தான் திறக்கிறார்.

நம்மூர்ப் பிணக்குகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. கல்லாவில் இருப்பவர் கடை முழுவதும் தன்னுடையது என்று நினைக்கிறார். நாள் முழுக்க உழைப்பது அவர், அந்த நினைப்பு வருவது இயற்கை. வெளியில் இருப்பவர்கள் இலாபம் முழுவதையும் பங்கிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது அவர்களுடைய சொத்து, அந்த நினைப்பும் இயற்கை. இரண்டு பேரும் சரி. உழைப்பவருக்குச் சம்பளம் என்று ஒன்று உண்டு, சொந்தக்காரருக்கு இலாபம் என்று ஒன்று உண்டு, இரண்டும் வேறு என்று வாப்பா இருக்கும்போதே எழுதி வைத்திருந்தால் சண்டைக்கே இடமில்லை. கடையில் நிற்கும் மகனுக்கு மாதச் சம்பளம் போடுங்கள். ‘தேவைக்கு எடுத்துக்கொள்’ என்று லாச்சியைத் திறந்து வைப்பது அன்பு போலத் தெரியும். அவர் தன் உழைப்புக்கு என்ன பெற்றார் என்று நாளைக்கு யாருக்கும் தெரியாமல் போவதும் அதனால்தான்.

சகோதரிகளின் பங்கைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 64இல் 7. இரண்டு பேருக்கும் சேர்த்து 14, அதாவது கடையில் நிற்கும் மகனுடைய பங்குக்குச் சமம். அது எங்கே போகிறது? “தாத்தாவுக்கு வீடு கொடுத்தாயிற்று, கைக்கூலி கொடுத்தாயிற்று” என்று சொல்லி ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். நானா கேட்கிறார், தம்பி கேட்கிறான், அவள் எப்படி மறுப்பாள்? நாளைக்குக் கணவன் வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் அவள் வந்து நிற்க வேண்டியது இந்த வாசலில்தானே. அந்தக் கையெழுத்தை மனப்பொருத்தம் என்று நான் ஏற்கமாட்டேன். கைக்கூலி மாப்பிள்ளைக்குக் கொடுத்தது, மகளுடைய வாரிசுரிமைக்கு ஈடாகாது. தன் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டுச் சாட்சிக்கு வந்த ஸஹாபியிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், சாட்சி சொல்ல மறுத்ததும் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவித்த ஹதீஸில் இருக்கிறது. ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்.

இது நம் சமூகத்துக்கு மட்டும் உள்ள குறை அல்ல. தமிழ்நாட்டின் முருகப்பா குழுமம் 1900இல் பர்மாவில் வட்டிக்கடையாகத் தொடங்கி, பெரிய தொழில் வீடாக வளர்ந்தது. அந்தக் குடும்பத்தின் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருக்கு மகன் இல்லை, இரண்டு மகள்மார். குடும்ப முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அந்தக் கிளைக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்கு. பணிப்பாளர் சபையில் ஓர் இடம் தாருங்கள், அல்லது நியாய விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூத்த மகள் வள்ளி அருணாசலம் கேட்டார். 2020 செப்டெம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பங்குதாரர் வாக்களித்து அவருக்கு இடமில்லை என்றார்கள். 2023 ஓகஸ்டில்தான் குடும்பத்துக்குள் இணக்கம் ஏற்பட்டது.

ஆனால் அந்தக் குடும்பம் பிறந்த நகரத்தார் சமூகத்திடம் நாம் கடன் வாங்க வேண்டிய ஒரு பழக்கம் இருந்தது. கொழும்பு செட்டியார் தெருவிலும் கண்டியிலும் கடை வைத்திருந்தவர்கள் அவர்கள். செல்வந்தர் வீட்டுப் பையனும் பெட்டியடிப் பையனாக இன்னொருவருடைய கடையில் போய் நிற்பான். பேரேடு எழுதுவான், அடுத்தாளாவான், பிறகு பொறுப்பாளனாவான். மூன்று வருடத் தவணை, சம்பளம் பேசி. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவான். முதலாளியின் மகன் என்ற சலுகை இல்லாத இடத்தில் ஐந்தொகை போடப் பழகியவன், தன் கடைக்கு வரும்போது வேலைக்காரனுடைய கஷ்டமும் தெரிந்தவனாக வருவான். நம் பிள்ளைகளை ஏ.எல். எழுதிய கையோடு நேரே நம் கல்லாவில் உட்கார்த்துகிறோம். இரண்டு வருடமாவது வேறொருவருடைய கடையில், வேறு ஊரில், சம்பளத்துக்கு நிற்கட்டும்.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், ஒரு குடும்பத்தின் சிறப்பு நான்கு தலைமுறையில் தேய்கிறது என்கிறார். கட்டியவனுக்கு அதன் உழைப்புத் தெரியும். அவனுடைய மகன் கூட இருந்து கேட்டு அறிந்தவன். மூன்றாமவன் பழக்கத்தைப் பார்த்துச் செய்கிறான். நான்காமவன், இது பிறப்பாலேயே வந்தது என்று நினைத்து எல்லாவற்றையும் இழக்கிறான். பெரிய அறிஞரின் கூற்று, நான் மறுக்கவில்லை. ஆனால் இதை விதியென்று எடுத்துக்கொள்வது பிழை. ஜப்பானில் கொங்கோ குமி என்ற கோயில் கட்டும் நிறுவனம் 578இல் தொடங்கி 2006 வரை ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. மகன் பொருத்தமில்லை என்றால் தகுதியுள்ள மருமகனைக் குடும்பப் பெயருக்குள் எடுத்து அவனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் இறுதியில் விழுந்ததற்குப் பிள்ளைகளின் சோம்பல் காரணமல்ல. நிலத்தில் போட்ட முதலும் அதனால் ஏறிய கடனும்தான் விழுத்தின. கடனில் காணி வாங்கிப் போட்டுவிட்டுக் கடை முதலைக் காயவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன்.

என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். றமழான் வந்தால் ஸகாத்துக்காக ஸ்டொக் எடுக்கிறோம். விற்பனைச் சாமானை அன்றைய சந்தை விலைக்கு மதிக்கிறோம், கையிலும் வங்கியிலும் உள்ள காசை எண்ணுகிறோம், திரும்பி வரும் பற்று எது, வராத பற்று எது என்று பிரிக்கிறோம், கொடுக்க வேண்டிய கடனைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்கிறோம், அதன் பிறகு நாற்பதில் ஒன்றைக் கொடுக்கிறோம். இதைவிட நேர்மையான வருடாந்தக் கணக்கு எந்த நிறுவனத்தில் இருக்கிறது? அல்லாஹ்வுக்குப் பயந்து போடும் கணக்கு. குறை ஒன்றுதான்: வாப்பா தனியே உட்கார்ந்து போட்டு, தொகையைக் கொடுத்துவிட்டு, கடதாசியைக் கிழித்துவிடுகிறார். அந்த இரவில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்த்துங்கள். மகன்மாரை மட்டுமல்ல, மகள்மாரையும் உம்மாவையும். கடைக் கட்டடத்துக்கும் அலுமாரிக்கும் ஸகாத் இல்லை, ஆனாலும் அவற்றை வேறு தாளில் எழுதுங்கள். எது வாப்பாவின் பெயரில், எது கூட்டில், எது அமானிதம் என்று பிரித்து எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கடைக்கு வெளியே வையுங்கள்.

கடைக்கு வெளியே என்று ஏன் சொல்கிறேன்? 2018 மார்ச்சில் நடந்த முஸ்லிம் எதிர்ப்பு வன்செயலில் திகனையிலும் இந்தச் சுற்றுவட்டாரத்திலும் நம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் என்ன நடந்தது என்று நீங்கள் மறக்கவில்லை. எரிந்த கடைக்குள் என்ன இருந்தது என்று காட்ட வேண்டிய புத்தகமும் கடையோடு எரிந்தால், நட்டஈட்டுக்கு எதைக் காட்டுவது? பிங்கா ஓயாவின் தண்ணீருக்கும் இதே பதில்தான்.

கடை பெரிதானால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாக்கலாம். அப்போது 64 பங்கும் எண்ணக்கூடிய பங்குகளாகின்றன. மாவனல்லையில் இருக்கும் மகள் கடைக்கு வராமலே தன் ஏழு பங்குக்கு இலாபம் பெறலாம், விற்க விரும்பினால் முதலில் நானா தம்பிமாருக்குத்தான் விற்க வேண்டும் என்று கம்பனி விதிகளில் எழுதலாம். வாப்பா மௌத்தானாலும் கம்பனியின் கணக்கு அவரோடு முடிவதில்லை. கையெழுத்திடும் அதிகாரம் இன்னொரு பணிப்பாளருக்கும் இருந்தால் செக் திரும்பாது. சின்னக் கடைக்கு எழுதிய பங்குடன்படிக்கை போதும். ஆனால் ஒரு பங்காளி மரணித்தால் கூட்டு கலையும் என்பது பொதுச் சட்டம், எனவே மற்றவர்கள் தொடரலாம், வாரிசுகளுக்கு இன்ன முறையில் மதிப்பிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற வாசகம் அதில் கட்டாயம் இருக்கட்டும். சட்டத்தரணியிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, பிள்ளைகள் எவரும் கடைக்கு வர விரும்பாத வீடுகள். இன்று அவை கூடிவருகின்றன, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. டொக்டரான மகளையோ மெல்பேர்னில் இருக்கும் மகனையோ கடைக்கு இழுப்பது அவர்களுக்கும் அநியாயம், கடைக்கும் அநியாயம். கடையை மூடிக் கட்டடத்தை வாடகைக்கு விடுவதுதான் வழி என்று நினைக்கிறோம். இன்னொரு வழியும் உண்டு. நபித்துவத்துக்கு முன் கதீஜா (ரலி) அவர்கள் தன் முதலைக் கொடுத்து, இலாபத்தில் பங்கு பேசி, ஷாமுக்கு வியாபாரத்துக்கு ஆள் அனுப்பியவர். முதல் ஒரு பெண்ணுடையது, உழைப்பு இன்னொருவருடையது. நம் கடைகளில் இருபது வருடமாகச் சாவி வைத்திருக்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு பற்றுக் கொடுக்கலாம் என்று பிள்ளைகளை விட அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் முளாரபா முறையில் கடையை ஒப்படைக்கலாம். முதல் குடும்பத்துடையது, நடத்துவது அவர், இலாபம் பேசிய விகிதத்தில், கவனயீனமின்றி வரும் நட்டம் முதலைச் சாரும். மாதம் இவ்வளவு ரூபா கட்டாயம் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அது முளாரபா ஆகாது, ஆகவே விகிதம்தான் பேச வேண்டும். முதல் எவ்வளவு என்று காட்டப் போன றமழானின் கணக்குத் தாள் வேண்டும். அது கையில் இருந்தால், சாவி வைத்திருக்கும் அந்த மனிதரோடு நாளைக்கே பேசத் தொடங்கலாம்.